போஸ்டரில் 'தோற்றம்' என்ன தேதி போடுவது?

ஆகஸ்ட் 6, 2025, காலை 6.40

அவசரக் கேள்வி. என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன் நேற்று இரவு தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு. பட்டுக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளி, 1988 மார்ச் தேர்வு எழுதிய செட். இன்று மாலை எடுக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க அச்சகத்தில் ஆள் நிற்கிறார். மறைவு தேதி இருக்கிறது. தோற்றம் என்று என்ன போடுவது? பள்ளிப் பதிவேட்டில் 1.6.1973 என்று இருக்கிறது. அது பொய் என்பது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் என் பிறந்தநாளும் அதுதான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்தார்கள்.

ஆகஸ்ட் 6, காலை 7.15

நகரத்து நண்பர்கள் இருவர் சிரித்துவிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்டதில்லை. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஐந்து வயது முடிந்துவிட்டது, எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. தேதி என்ன என்று அப்பாவைக் கேட்பார்கள். அப்பா விழிப்பார். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் சரியாக ஐந்து முடிகிற மாதிரி தலைமையாசிரியரே ஒன்றை எழுதிக்கொள்வார். அந்தத் தேதிதான் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, வேலையில் ஏறி, ஆதாரில் ஏறி, கடைசியில் போஸ்டரில் வந்து நிற்கிறது.

மணி 7.15. ரேடியோ நேரம். இறந்தவனின் பட்டப்பெயரும் அதுதான், ரேடியோ. டெல்லித் தமிழ்ச் செய்தி தொடங்கும்போது வரும் 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி' என்பதை அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொல்லுவான். கணக்கு வாத்தியார் திரும்பி நின்று கரும்பலகையில் எழுதும்போதுதான் அவனுக்குச் செய்தி வரும்.

ஆகஸ்ட் 6, காலை 8.05

முடிவாகிவிட்டது. தோற்றம், மறைவு இரண்டு வரியையும் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் போடச் சொல்லிவிட்டேன். இப்போது அடுத்த சண்டை, 'வருந்தும் நண்பர்கள்' என்பதன் கீழே யார் பெயர் முதலில். பள்ளித் துணை ஆய்வாளராக இருக்கும் ஒருவர் பதவியோடு போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் அகரவரிசை என்கிறார், அவர் பெயர் 'அ'வில் தொடங்குகிறது. பஸ் ஏறிவிட்டேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 7, இரவு

ஓசூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. போஸ்டரைத்தான் பார்த்தேன்.

மேலே 'இமயம் சரிந்தது' என்று அடித்திருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த வாசகம் அல்ல. அச்சகத்துக்காரர் தயாராக வைத்திருக்கும் வாசகங்களில் ஒன்று. பக்கத்துச் சுவரில் வேறொரு போஸ்டர், அங்கேயும் ஓர் இமயம் சரிந்திருக்கிறது. இரண்டு தெருவுக்குள் இரண்டு இமயம். அவன் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். மின்கம்பம் ஏறத்தான் அந்த உடம்பு தோது என்று அவனே சொல்லுவான். இ.பி.யில் லைன்மேன்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் இருந்தது ஆதார் அட்டைப் படமும், ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படமும். ஸ்டுடியோக்காரர் பந்திப் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்து நீலக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டையும் அணிவித்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் எல்லாரும் கோட்டு போட்டவர்கள். அவனுடைய அம்மா அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து, "இது யார்?" என்று பேரனிடம் கேட்டார். அழுகை நடுவில் கேட்டதால் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுங்கள், உயரத்தையும் பட்டப்பெயரையும் எழுதுவது அவமரியாதை." ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்லதை மட்டும் பேசிப் பேசித்தான் அந்தக் கோட்டு வருகிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த நான்கு நாளில் வந்த இரங்கல்களை எடுத்து எவர் பெயரைப் பொருத்தினாலும் பொருந்தும். பண்பாளர், எளிமையானவர், எல்லாரிடமும் அன்பாகப் பழகுவார். அவன் எல்லாரிடமும் அன்பாகப் பழகியதில்லை. 'அ' பிரிவுப் பையன்களை அவனுக்கு ஆகாது. அதில் ஒருவனின் சைக்கிளில் வால்வ் டியூபைப் பிடுங்கியதற்கு நான் சாட்சி.

என்னிடம் வாங்கிய காம்பஸைத் திருப்பித் தரவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றான். 35 வேண்டும், 31 வாங்கினான். அக்டோபரில் எழுதித் தேறினான். பிறகு ஐ.டி.ஐ. குடிப்பான். குடித்தால் இரவு பதினோரு மணிக்கு மேல் போன் செய்வான், எடுக்காவிட்டால் மறுநாள் காலையில் கோபிப்பான், எடுத்தால் பேச அவனிடம் ஒன்றும் இருக்காது. பல இரவுகள் நான் எடுத்ததில்லை. இதையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சமிருப்பவரை எனக்குத் தெரியாது, அவருக்காக நான் பஸ் ஏறியிருக்கவும் மாட்டேன்.

மாப்பிள்ளை பெஞ்சில் கடைசிக்கு முந்தின இடம் அவனுடையது. சுவரோரம் நான்.

ஆகஸ்ட் 10

குழுவில் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கஜா புயலின்போது அவன் அறுந்து கிடந்த மின்கம்பியிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினானாம். நேற்று ஒரு குழந்தை. இன்று காலை இரண்டு. சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடமே ஆகிவிடும் என்று பயந்து, அவனோடு வேலை பார்த்த ஃபோர்மேன் ஒருவருக்குப் போன் செய்தேன்.

அவர் சொன்னது இது. அப்படி எதுவும் நடக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து மேற்கே வந்தபோது காற்றுக்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். விழுந்து கிடந்த கம்பியில் மின்சாரமே இல்லை. நடந்தது வேறு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்திருந்தன. டெல்டா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போய்விட்டன. புதுக் கம்பம் லாரியில் வரும், ஆனால் ஊருக்குள் லாரி நுழையாது, பாதை நெடுகத் தென்னை கிடந்தது. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து எட்டு மீட்டர் சிமென்ட் கம்பத்தை ஆட்கள் சேர்ந்து தோளில் தூக்கி, விழுந்த மரங்களுக்கு மேல் ஏறி இறங்கி, வயலுக்குள் நடந்து போய் நட வேண்டும். குட்டையாக இருப்பவன் நடுவில் நின்றால் அவன் தோளுக்குக் கம்பம் எட்டாது. ஆகவே அவனை முன்னால் விடுவார்கள், பாதை சொல்ல. எங்கே குழி, எங்கே ஓலைக்குக் கீழே முள்வேலி என்று கத்திக்கொண்டே நடப்பான்.

எந்தக் குரலில் கத்துவான் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "ரேடியோ மாதிரித்தான் சார். வலது புறம் வரப்பு சரிந்துள்ளது என நமது நிருபர் தெரிவிக்கிறார் என்பான். தோளில் கம்பத்தோடு சிரித்தால் விழுந்துவிடுவோம், வாயை மூடு என்று திட்டுவோம்."

ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுக்குச் சரியாகப் போகவில்லையாம். அவன் வீட்டு ஓடும் பறந்திருந்தது. கேரளத்திலிருந்துகூட மின்துறை ஆட்கள் வந்து வேலை செய்தார்கள், அவர்களுக்கு இவன்தான் மொழிபெயர்ப்பாளர். மலையாளம் தெரியாது. தமிழையே மூக்கால் பேசினால் மலையாளம் என்று முடிவு செய்துகொண்டான். அவர்களும் தலையாட்டினார்கள்.

குழுவில் இதை அப்படியே போட்டேன். ஒருவர் கும்பிடு போட்டார். மற்றவர்கள் குழந்தைக் கதையையே பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12

"எப்போதும் கேலிக்காரனா? தீவிரமாக ஒன்றும் சொன்னதில்லையா?" என்று மேலே கேட்டவருக்கு.

1987 டிசம்பர் 24. அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். கணக்கு ட்யூஷனுக்காகக் காலையில் கடைத்தெருவில் நாங்கள் சிலர் நின்றோம். அவன் சைக்கிளில் வந்து இறங்கி, "எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார்" என்றான். டீக்கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து அவனைக் கன்னத்தில் அறைந்தார். அவர் கட்சிக்காரர். எதில் விளையாடுவது என்று ஒரு வரைமுறை இல்லையா என்றார். அங்கிருந்த பெரியவர்கள் எல்லாரும் அடித்தது சரி என்றார்கள். இவன் வாயில் எத்தனை அமைச்சர்கள் ராஜினாமா செய்திருக்கிறார்கள், எத்தனை முறை பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. அவன் அதைத் தன் சொந்தக் குரலில் சொல்லியிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் வேறொருவர் வந்து அதையே சொன்னார். கடைகள் இறங்கின. அறைந்தவர் ஓரமாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே அவர் கடையின் அடுப்பை அணைத்து, பாலை மூடி வைத்து, தட்டியை இறக்கிக் கட்டிவிட்டு வந்தான். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தான். அதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் மறுபடி யாராவது பண்பாளர் என்று எழுதிவிடுவீர்கள்.

ஆகஸ்ட் 12, பிறகு

விட்டுப்போனது. 2022 ஆகஸ்டில் சரோஜ் நாராயணசாமி காலமானபோது அவனிடமிருந்து போன் வந்தது, பகலில், குடிக்காமல். "எனக்கு ஆள் போய்விட்டார் மாப்பிள்ளை" என்றான். அந்த அம்மாவின் படத்தை அவன் அன்றுதான் பேப்பரில் முதல்முறையாகப் பார்த்தானாம். நான் மனதில் வைத்திருந்த முகம் இது இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டான்.

ஆகஸ்ட் 13

காம்பஸ் விலையைக் கேட்டவருக்கு: நினைவில்லை. திருப்பித் தர ஆள் இல்லாததால் கடன் தள்ளுபடி.

ஆகஸ்ட் 17

தேதி கிடைத்துவிட்டது, ஏறக்குறைய. படத்திறப்புக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பதால் மறுபடி அந்தப் பேச்சு வந்தது. எனக்கு இது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. வகுப்புத் தோழர் ஒருவர், கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர், அவன் அம்மாவிடம் போய் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

வருஷம் தெரியாது என்றாராம். ஆனால் அது புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட அரிசி ஊறவைத்தபோது வலி வந்தது. மருத்துவச்சியைக் கூட்டிவர அவன் அப்பா பக்கத்து ஊருக்கு நடந்தே போனார், பஸ் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? "எம்.ஜி.ஆரைக் கட்சியை விட்டு வெளியே தள்ளினார்களே, அந்தக் கலாட்டா."

அது 1972 அக்டோபர். அந்த வருஷம் புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை அக்டோபர் 14. அ.தி.மு.க. தொடங்கியது 17ஆம் தேதி. கட்சியைவிட இவன் மூன்று நாள் மூத்தவன்.

ஆக, தலைமையாசிரியர் அவன் வயதில் ஏழரை மாதத்தைக் குறைத்திருக்கிறார். எல்லாருக்கும் ஏழரை வந்து படுத்தும், இவனுக்கு அது வேலையில் ஏழரை மாதச் சம்பளம் கூடுதலாக வாங்கித் தந்திருக்கும், ஓய்வு வரை இருந்திருந்தால்.

இது தெரிந்ததில் எனக்கு ஏன் இத்தனை திருப்தி என்று யோசித்துப் பார்க்கிறேன். பத்து வருஷம் ஒரே பள்ளியில் உட்கார்ந்தும் அவனைப் பற்றி நான் அறிந்தது பெஞ்சுக்கு மேலே தெரிந்தது மட்டும்தான். அதன் பிறகு முப்பத்தேழு வருஷம் அவனை வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள், அந்த ஃபோர்மேன் மாதிரி. பழைய நண்பன் என்று போஸ்டரில் முன்வரிசையில் நிற்பது நாங்கள். நண்பர்கள் வரிசையில் ஃபோர்மேனின் பெயரைச் சேர்க்கலாமா என்று குழுவில் கேட்டேன். "அவர் நம் செட் இல்லையே" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 21

நேற்று படத்திறப்பு. ஃப்ளெக்ஸில் தோற்றம் 1.6.1973.

மகன்தான் போடச் சொன்னான். திருப்பூரில் வேலை பார்க்கிறான், இருபத்தாறு வயது, விவரமானவன். "சித்தப்பா, ஆச்சி சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அப்பாவின் குடும்ப ஓய்வூதியக் காகிதம் இப்போதுதான் போயிருக்கிறது. ஆபீஸ் ஆட்கள் பத்துப் பேர் இன்றைக்கு வருகிறார்கள். பந்தல் வாசலில் வேறு தேதி எதற்கு?" என்றான். என்னிடம் எதிர்வாதம் எதுவும் இல்லை. கோட்டை மட்டும் கழற்ற வைத்தோம். பந்திப் படத்தையே போட்டார்கள், கையில் இலையோடு இருக்கும் பாதி உடம்பை வெட்டிவிட்டு. வாய் லேசாக அசைந்த மாதிரி இருக்கும் அந்தப் படத்தில். ரசம் கேட்கிறான் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் சேர்த்த பணத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தோம். அதையும் மகன் வாங்கவில்லை. "சும்மா வாங்க முடியாது சித்தப்பா. நோட்டில் எழுதுங்கள்." எங்கள் பக்கம் அப்படித்தான். மொய் நோட்டு எழுதுகிறவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "எந்த ஊர்?" என்றார். மொய் ஊர்வாரியாகத்தான் எழுதுவார்கள். நாங்கள் சென்னை, ஓசூர், கரூர், ஒருவன் மஸ்கட். "பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு என்று எழுதுங்கள்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "எழுதலாம் தம்பி. திருப்பிச் செய்ய ஒரு விசேஷம் வேண்டுமே. உங்கள் வகுப்புக்கு என்ன விசேஷம் வரும்?"

"இன்னொருத்தன் போகவேண்டியதுதான்" என்றான் மஸ்கட்.

பந்தலில் இருக்கிறோம் என்பதை மறந்து எல்லாரும் சிரித்தோம். ரேடியோவின் மனைவிகூட. கடைசியில் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரின் பெயரில், என் பெயர் போட்டு எழுதினார்கள்.

ஆகஸ்ட் 24

மொய் பற்றி நிறையப் பேர் கேட்டிருப்பதால். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் தேவையில்லை. பணம் தேவைப்படுகிறவர்கள் சேர்ந்து பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, வந்தவர்கள் வைப்பதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பிறகு அவர்கள் நடத்தும்போது பழையதைத் திருப்பி, மேலே புது நடை, அதாவது புதிதாக ஒரு தொகை, வைக்க வேண்டும். வட்டி இல்லாத கடன் என்று சொல்லலாம், வசூலிக்க ஆள் வராது, ஆனால் திருப்பாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. கஜாவில் தென்னை போன பிறகும் கொரோனாவிலும் இது நொடித்துப்போனது. திருப்பிச் செய்யக் கையில் காசில்லாமல் பலர் அவதிப்பட்டார்கள்.

"இறந்தவன் வீட்டில் வரவு செலவு பேசுவது கொடுமை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. தர்மமாக வாங்கியிருந்தால் அந்தப் பையன் இனி எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போவான். இப்போது என் பெயர் அவன் நோட்டில் கணக்காக இருக்கிறது. என் மகள் கல்யாணத்துக்கு அவன் வந்தே ஆக வேண்டும்.

செப்டம்பர் 15

இதைத் தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் காகித விஷயம். அந்தப் பையனின் தாத்தா பெயரைச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் (ஓர் 'எச்' கூடுதல்) வாரிசுச் சான்றிதழ் தள்ளிப்போனது. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், தாமதமானால் கட்டணம், அனுமதி என்று நீளும். இறப்புச் சான்றிதழ் பதியும்போதே எழுத்தை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், முடிவெடுப்பது வட்டாட்சியர். வாரிசுகள் எல்லாருடைய ஆதாரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம்.